ஒட்டகமா, குதிரையா, பொதிமாடா? 19-ஆம் நூற்றாண்டில் ஆஸ்திரேலியாவைக் கடக்க எது ஏற்றது

1860 ஆகஸ்ட் 20 அன்று ராபர்ட் ஓ'ஹாரா பர்க் 26 ஒட்டகங்களோடும் 23 குதிரைகளோடும் மெல்போர்னிலிருந்து வடக்கே கிளம்பினார். கண்டத்தின் வடகோடியை எட்டியும்விட்டார். திரும்பும் வழியில் இறந்தார். அவர் குழுவில் மொத்தம் 7 உயிர்கள் போயின. அதே ஆண்டுகளில் ஜான் மெக்டூவல் ஸ்டுவர்ட் அடிலெய்டிலிருந்து குதிரைகளை மட்டுமே நம்பிப் போனார். 1862 ஜூலை 24 அன்று வட கடலில் முகம் கழுவினார். ஆறு பயணங்களில் ஒரே ஓர் ஆளைக்கூட அவர் பலிகொடுக்கவில்லை.

பாலைவனத்துக்கென்றே பிறந்த விலங்கை வைத்திருந்தவர் மடிந்தார், குதிரைக்காரர் பிழைத்தார். அப்படியானால் ஒட்டகம் தவறான தேர்வா? வகுப்பறை விவாதத்துக்குத் தயார் செய்யும் மாணவர்களும், அந்தக் காலத்தை வைத்துக் கதை எழுத முனைபவர்களும் இந்த இடத்தில்தான் மாட்டிக்கொள்கிறார்கள். விலங்கை மட்டும் பார்த்தால் விடை கிடைக்காது. எந்தப் பாதை, எந்த மாதம், யார் ஓட்டுகிறார்கள் என்பதையும் சேர்த்துப் பார்க்கவேண்டும். ஒரு பயணக் குழுவை அனுப்பும் பொறுப்பு உங்கள் தலையில் விழுந்திருக்கிறது என்று வைத்துக்கொண்டு, ஒவ்வொரு வழியாக எடை போடுவோம்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடவேண்டும். இந்தக் கண்டம் ஐரோப்பியரின் வரைபடத்தில்தான் வெறுமையாக இருந்தது. அங்கே பல்லாயிரம் ஆண்டுகளாக வாழ்ந்த பூர்வகுடிகளுக்கு ஒவ்வொரு ஊற்றும் தெரியும். எந்த விலங்கைத் தேர்ந்தெடுத்தாலும் இந்த உண்மை கூடவே வரும்.

## எதை வைத்து எடை போடுவது

எல்லாவற்றுக்கும் மேலான அளவுகோல், ஒரு நீர்நிலைக்கும் அடுத்த நீர்நிலைக்கும் இடையே உள்ள மிக நீண்ட தொலைவு. சராசரி உதவாது. 2,000 கி.மீ. பாதையில் 1,800 கி.மீ. வரை நாள்தோறும் தண்ணீர் கிடைத்து, ஓரிடத்தில் மட்டும் 200 கி.மீ. காய்ந்து கிடந்தால், அந்த 200-க்கு ஏற்ற விலங்குதான் தேவை.

அடுத்தது, குடிக்கும் அளவு. வெயிலில் சுமையோடு நடக்கும் குதிரைக்கு நாளொன்றுக்குக் குறைந்தது 30 லிட்டர் வேண்டும். ஸ்டுவர்ட் தம் கடைசிப் பயணத்தில் 71 குதிரைகளோடு போனார்: நாளுக்கு 2,000 லிட்டருக்கு மேல். மணலைத் தோண்டினால் மெல்லக் கசிந்து வரும் ஊறல் கிணறு இதற்குத் தாங்காது. பெரிய மடுவோ ஓடும் ஆறோ இருக்கவேண்டும்.

மூன்றாவது, சுமைக் கணக்கு. மாவு, உலர்ந்த இறைச்சி, சர்க்கரை, தேயிலை எல்லாம் சேர்த்துத் தலைக்கு நாளுக்கு 1 கிலோ என்று வையுங்கள். 10 பேருக்கு 10 மாதம் என்றால் 3,000 கிலோ. ஒரு பொதிக்குதிரை பல மாத நடைக்குத் தாங்கும் சுமை 70 கிலோ அளவுதான். அப்படியானால் உணவுக்கு மட்டும் 43 குதிரைகள். ஏறிச் செல்ல 10. துப்பாக்கி மருந்து, லாடம், கருவிகள், தண்ணீர்ப் பைகளுக்குச் சில; நொண்டும் குதிரைக்கு மாற்றாகச் சில. பத்துப் பேருக்கு 71 குதிரைகள் ஏன் என்பது இந்தக் கணக்கில் விளங்கும்.

நான்காவது, தரை. கல், மணல், சேறு, முள்புதர் ஒவ்வொன்றும் ஒவ்வொரு விலங்கை முறிக்கும். ஐந்தாவது, ஓட்டத் தெரிந்த ஆட்கள் இருக்கிறார்களா என்பது. ஆறாவது, நெருக்கடியில் அந்த விலங்கையே உண்ண முடியுமா என்பது.

கடைசி அளவுகோல் பருவம். வடகோடியில் டிசம்பர் முதல் மார்ச் வரை கனமழை. அதே மாதங்களில் நடுப்பகுதியில் கொல்லும் வெயில். ஆகவே கோடை தணியும்போது தெற்கிலிருந்து நகர்ந்து, குளிர்காலத்தில் நடுப்பகுதியைக் கடந்து, ஜூன், ஜூலை, ஆகஸ்டில் வடக்கை எட்டுவதே சரியான ஓட்டம்.

| | குதிரை | ஒட்டகம் | பொதிமாடு |
|---|---|---|---|
| தண்ணீரின்றி | 2–3 நாள் | குளிரில் 2 வாரத்துக்கு மேல். கோடையில் வெகு குறைவு | 2 நாளைத் தாண்டினால் ஆபத்து |
| சுமை | 60–90 கிலோ | 150–200 கிலோ. வலுவான ஆண் ஒட்டகம் இன்னும் கூடுதலாக | குதிரையை ஒத்தது |
| ஒரு நாள் நடை | 30–40 கி.மீ. | 25–35 கி.மீ. | 12–18 கி.மீ. |
| எங்கே முறியும் | கல் தரை, நீண்ட வறட்சி | சேறு, வழுக்கும் ஓடைக்கரை | வறட்சி, அவசரம் |
| ஆள் | குடியேற்றத்தில் எங்கும் உண்டு | இந்தியாவிலிருந்தும் ஆப்கானிஸ்தானிலிருந்தும் வரவேண்டும் | பண்ணை ஆட்கள் போதும் |

இவை அந்தக் காலப் பயணங்களைப் பார்த்துச் சொல்லும் தோராய அளவுகள். மேய்ச்சல் பச்சையாக இருந்தால் கூடும், காய்ந்திருந்தால் குறையும்.

## குதிரை

குதிரையின் பெரிய பலம், அது கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. நியூ சவுத் வேல்ஸில் வளர்ந்த குதிரைகள் சென்னைக்கும் கல்கத்தாவுக்கும் ராணுவத் தேவைக்காகக் கப்பலேறிக்கொண்டிருந்த காலம் அது. சேணம் தைப்பவர், லாடம் அடிப்பவர், நோய் பார்ப்பவர் என எல்லோரும் உள்ளூரிலேயே உண்டு. யாரையும் புதிதாகப் பழக்கவேண்டியதில்லை.

ஸ்டுவர்ட் குதிரையின் பலவீனத்தைத் தெரிந்தே வேலை செய்தார். முழுக் குழுவையும் ஒரு மடுவில் நிறுத்திவிட்டு, இரண்டு மூன்று பேரோடு முன்னால் போய்த் தண்ணீர் தேடுவார். கிடைத்தால் திரும்பி வந்து எல்லாரையும் கூட்டிப் போவார். கிடைக்காவிட்டால் குதிரை விழுவதற்குள் திரும்பிவிடுவார். இந்த முறையில் ஒரே வழியை மூன்று முறை நடக்கவேண்டியிருக்கும். மறைவான முதல் செலவு அந்தக் காலம்தான். 1860-ல் கண்டத்தின் நடுவை எட்டி, அதற்கும் வடக்கே அட்டாக் க்ரீக் வரை போய், அங்கே வாருமுங்கு மக்களின் எதிர்ப்பில் திரும்பினார். 1861-ல் நியூகாசில் வாட்டர்ஸுக்கு அப்பால் அடர்ந்த புதர்க்காடு மறித்தது, மறுபடி திரும்பினார். 1862-ல்தான் கடல். திரும்பி வரும் துணிவை அவருடைய மிகச் சிறந்த குணமாக நான் மதிக்கிறேன். பர்க்கிடம் இல்லாதது அதுதான்.

அவருக்குக் குதிரை போதுமானதாக இருந்ததற்கு நிலமும் காரணம். ஐர் ஏரிக்குத் தெற்கிலும் மேற்கிலும் பூமிக்கடியில் உள்ள மாபெரும் நீர்ப்படுகையிலிருந்து தண்ணீர் மேலே கசிந்து, உப்பும் மண்ணும் படிந்து மேடுகளாகி, அந்த மேட்டின் உச்சியில் ஊற்றாக நிற்கும். இந்த மேட்டூற்றுகள் சங்கிலிபோல வடமேற்காக நீள்கின்றன. பூர்வகுடிகளின் பழைய வணிக வழிகள் அந்த ஊற்றுகளைத் தொட்டே போயின. ஸ்டுவர்ட் அந்தச் சங்கிலியைப் பிடித்தார். அதைத் தாண்டியதும் ஃபிங்க் ஆற்றின் மடுக்களும் மெக்டொன்னல் மலைத்தொடரின் சுனைகளும் கைகொடுத்தன. 1870–72-ல் சார்லஸ் டாட் 3,200 கி.மீ. தந்திக் கம்பியைப் பெரும்பாலும் இதே வழியில்தான் இழுத்தார். வடகோடியில் உள்ள டார்வினிலிருந்து தந்திச் செய்தி கடலடிக் கம்பி வழியாக ஜாவா, சிங்கப்பூர், பினாங்கு என்று ஏறிச் சென்னையை எட்டி, அங்கிருந்து லண்டனுக்குப் போனது.

இனிக் குதிரையால் வரும் இழப்புகள். கூர்மையான சரளைக்கல் வெளியில் லாடமில்லாத குளம்பு சில நாளில் தேய்ந்து நொண்டும். 1858-ல் ஸ்டுவர்ட்டே இதில் அவதிப்பட்டார். ஒரு குதிரைக்கு ஒரு தொகுதி லாடம் போதாது, மாற்றும் ஆணிகளும் வேண்டும். 70 குதிரைக்கு அந்த இரும்பே தனிச் சுமை. முட்புதர் தோல் பைகளைக் கிழிக்கும். கிழிந்த தண்ணீர்ப் பை ஒரு நாள் நடையைத் தின்னும். இரவில் கால்தளை போட்டு மணி கட்டி விட்டாலும் மேய்ச்சல் தேடி வெகுதூரம் போய்விடும். விடிந்ததும் தேடிப் பிடிப்பதிலேயே பாதிக் காலைப்பொழுது கழியும்.

எல்லையைத் தாண்டினால் என்ன ஆகும் என்பதற்கு எர்னஸ்ட் ஜைல்ஸின் 1874 பயணம் சான்று. மேற்கே வறண்ட நிலத்துக்குள் அவரும் ஆல்ஃபிரட் கிப்சனும் நான்கு குதிரைகளோடு நுழைந்தார்கள். குதிரைகள் ஒவ்வொன்றாகத் தளர்ந்தன. கடைசியில் மிஞ்சிய ஒரு குதிரையைக் கிப்சனிடம் கொடுத்து உதவிக்கு அனுப்பிவிட்டு ஜைல்ஸ் நடந்தே திரும்பினார். கிப்சனை அதன்பின் யாரும் பார்க்கவில்லை. அந்தப் பாலைவனம் இன்றும் அவர் பெயரைத் தாங்குகிறது.

இருந்தாலும், அதே ஆண்டில் ஜான் ஃபாரஸ்ட் ஆறு பேர் கொண்ட சிறு குழுவோடு மேற்குக் கரையிலிருந்து தந்திக் கம்பி வழிவரை குதிரைகளோடு கடந்து வந்தார். அவரோடு இருந்தவர் டாமி விண்டிச். நீர்த்தடம் படிப்பதில் தேர்ந்த பூர்வகுடி வழிகாட்டி. ஜைல்ஸ் தோற்ற நிலத்தில் ஃபாரஸ்ட் ஜெயித்ததில் அந்த ஒரு மனிதரின் கண்ணுக்குப் பெரும் பங்கு உண்டு.

## ஒட்டகம்

ஒட்டகம் எதைச் சாதிக்கும் என்பதையும் ஜைல்ஸே காட்டினார். 1875-ல் பெல்டானா பண்ணையில் அதன் உரிமையாளர் தாமஸ் எல்டர் தந்த ஒட்டகங்களோடு மறுபடி மேற்கே போனார். தண்ணீரே கிடைக்காமல் 17 நாளில் ஏறத்தாழ 520 கி.மீ. நடந்து, செப்டம்பரில் குயின் விக்டோரியா ஊற்றை எட்டினார். குழு பிழைத்தது. குதிரையில் போயிருந்தால் முதல் வாரத்திலேயே கதை முடிந்திருக்கும். ஒரே மனிதர், ஒத்த நிலம், விலங்கு மட்டும் வேறு: இதைவிடத் தெளிவான ஒப்பீடு இந்த வரலாற்றில் கிடையாது.

பீட்டர் எகர்டன் வார்பர்டன் 1873-ல் ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் பக்கமிருந்து 17 ஒட்டகங்களோடு கிரேட் சாண்டி பாலைவனத்துக்குள் நுழைந்தார். மணல்மேடுகளைக் கடந்து ஓக்கோவர் ஆற்றுக்கு வந்தபோது மிஞ்சியவை இரண்டு. சில ஓடிப்போயின, சில செத்தன, மற்றவற்றைக் கொன்று தின்றுதான் ஏழு பேரும் உயிர் பிழைத்தார்கள். உணவுக் கணக்கில் ஒட்டகம் ஒரு நடமாடும் கிடங்கும்கூட.

பிறகு பர்க்குக்கு ஏன் உதவவில்லை? அவர் போன பருவத்தையும் பாதையையும் பாருங்கள். 1860 டிசம்பர் 16 அன்று நடுவழிக் கிடங்கு முகாமான கூப்பர் க்ரீக்கிலிருந்து பர்க், வில்லியம் ஜான் வில்ஸ், ஜான் கிங், சார்லி கிரே நால்வரும் 6 ஒட்டகம், 1 குதிரை, மூன்று மாத உணவு என்ற கணக்கில் கிளம்பினார்கள். அந்த ஆண்டு மழை நன்றாக இருந்தது. வழியெங்கும் தண்ணீர். ஒட்டகத்தின் பெரிய வரம் பயன்படவே இல்லை. பிப்ரவரியில், கனமழைக் காலத்தின் நடுவே, வடகோடிச் சதுப்பை எட்டினார்கள். அங்கே ஒட்டகத்தின் பெரிய குறை முழுதாக வெளிப்பட்டது. அதன் பாதம் அகன்று மெத்தென்றிருக்கும், மணலில் புதையாது. சேற்றிலோ பிடிமானம் இல்லாமல் வழுக்கும், கால்கள் பக்கவாட்டில் விரிந்துவிடும், விழுந்தால் எழ முடியாது. கடைசி மைல்களில் ஒட்டகங்களைக் கிரேயோடும் கிங்கோடும் விட்டுவிட்டு, பர்க்கும் வில்ஸும் ஒற்றைக் குதிரையோடு போகவேண்டியதாயிற்று. அலையாத்திச் சதுப்பு மறித்ததால் திறந்த கடலை அவர்கள் பார்க்கவே இல்லை.

திரும்பும்போது கோலா என்ற ஒட்டகம் ஓர் ஓடைப் படுகையில் இறங்கி ஏற முடியாமல் நின்றுவிட்டது, விட்டுவிட்டு வந்தார்கள். வழியில் மற்ற ஒட்டகங்களும் குதிரையும் உணவாயின. கூப்பர் க்ரீக்குக்கு வந்து சேர்ந்தவை லாண்டா, ராஜா என்ற இரண்டு மட்டுமே. லாண்டா ஓடைக்கரைச் சேற்றில் புதைந்தது, சுட்டுக் கொன்றார்கள். ராஜாவும் தளர்ந்து விழுந்தது. மவுண்ட் ஹோப்லெஸ் பக்கம் உள்ள பண்ணைக்குப் போக வறண்ட நிலத்தைக் கடக்கவேண்டும். தண்ணீர் சுமக்க விலங்கில்லாமல் பாதியில் திரும்பினார்கள். ஒட்டகம் உண்மையிலேயே தேவைப்பட்ட ஒரே கட்டத்தில் கையில் ஒட்டகம் இல்லை.

ஒட்டகத்தின் மறைவான செலவுகள் இன்னும் உண்டு, அவற்றை வரவு செலவுத் தாளில் யாரும் எழுதுவதில்லை.

முதலாவது, காலம். பர்க்கின் பயணத்துக்காக ஜார்ஜ் லாண்டெல்ஸ் இந்தியாவுக்குப் போய் 24 ஒட்டகங்களை வாங்கிக் கராச்சியிலிருந்து கப்பலில் கொண்டுவந்து இறக்கியபோது 1860 ஜூன் ஆகிவிட்டது. அதன்பிறகு கிளம்பியதால்தான் பர்க் கோடையில் நடுப்பகுதிக்கும் மழையில் வடக்குக்கும் போய் மாட்டினார்.

இரண்டாவது, ஆட்கள். மூக்குக் குச்சியும் கயிறும் மாட்டி, சேணத்தின் இருபக்கமும் எடையைச் சமமாகக் கட்டி, முதுகுப் புண்ணை நாள்தோறும் பார்த்துச் சுத்தம் செய்யத் தெரிந்தவர் இல்லாமல் ஒட்டகம் மாதக்கணக்கில் தாங்காது. லாண்டெல்ஸோடு வந்த சாம்லா என்ற இந்து ஓட்டுநரால் குழுவின் இறைச்சி உணவைத் தொட முடியவில்லை. ரொட்டியும் தண்ணீருமாக நாட்களைத் தள்ளிவிட்டுப் பயணத்தின் தொடக்கத்திலேயே விலகினார். டோஸ்ட் முகமது நிலைத்து நின்றார். பின்னாளில் ஓர் ஆண் ஒட்டகம் தாக்கி அவர் கை பயனற்றுப்போனது. இனச்சேர்க்கைக் காலத்தில் ஆண் ஒட்டகம் தீனியை விட்டுவிடும், கடிக்கும், மிதிக்கும். ஆஸ்திரேலியாவில் அந்தக் காலம் குளிர் மாதங்களில் வருகிறது, அதாவது பயணத்துக்கு உகந்த அதே மாதங்களில். ஒட்டகம் எடுப்பவர் ஓட்டுநரை முதலில் அமர்த்தி, அவர் உண்ணும் உணவை மூட்டையில் கட்டிவிட்டு, அதன்பிறகு விலங்கை வாங்கவேண்டும்.

மூன்றாவது, நோயும் நஞ்சும். சொறி ஒன்றுக்கு வந்தால் மந்தைக்கே பரவும். எல்டர் 1866-ல் கொண்டுவந்த நூற்றுக்கும் மேற்பட்ட ஒட்டகங்களில் கணிசமானவை அதில் போயின. மேற்கே உள்ள காஸ்ட்ரோலோபியம் செடிகளில் ஃப்ளுரோஅசிடேட் என்ற நஞ்சு இருக்கிறது. அம்மண்ணின் விலங்குகள் தாங்கிக்கொள்ளும். வெளியிலிருந்து வந்த மாடோ ஒட்டகமோ தாங்காது.

நான்காவதைச் சொல்லாமல் விட முடியாது. தாகத்தோடு வரும் ஒட்டகம் ஒரே மூச்சில் 100 லிட்டர் வரை குடிக்கும். சிறு குடும்பங்கள் ஆண்டாண்டாகப் பாதுகாத்த ஊறல் கிணற்றை ஒரு மந்தை ஒரே இரவில் வற்றவைத்துவிடும். ஒட்டகம் இருந்ததால்தான் இத்தனை வறண்ட நிலத்துக்குள் நுழைய முடிந்தது. நுழைந்தபின் கிணறு தேடி, வார்பர்டனும் 1896-ல் டேவிட் கார்னகியும் பூர்வகுடி மக்களைப் பிடித்துக் கட்டிவைத்து வழிகாட்டச் செய்தார்கள். அந்தத் தண்ணீரின் விலையை அந்த மக்களே கொடுத்தார்கள். இது கொடுமை; பயணத்தின் வெற்றிக் கணக்கில் இதை மறைக்கக்கூடாது.

## பொதிமாடும் பார வண்டியும்

லுட்விக் லைக்கார்ட் 1844 அக்டோபர் 1 அன்று கிழக்கே உள்ள ஜிம்பூர் பண்ணையிலிருந்து 17 குதிரைகளோடும் 16 மாடுகளோடும் கிளம்பி, 1845 டிசம்பர் 17 அன்று வடகரையில் உள்ள போர்ட் எஸிங்டனை எட்டினார். ஏறத்தாழ 4,800 கி.மீ. அவர் எடுத்துப்போன மாவு 1,200 பவுண்டு, அதாவது 540 கிலோ சொச்சம். ஏழு மாதப் பயணம் என்று போட்ட கணக்கு பதினான்கரை மாதமாக நீண்டது. மாவு தீர்ந்தபிறகும் குழு நடந்ததற்கு மாடுதான் காரணம். ஒரு மாட்டை அடித்து, இறைச்சியை மெல்லிய நீளத் துண்டுகளாக அரிந்து, கயிற்றில் தொங்கவிட்டு இரண்டு மூன்று நாள் வெயிலில் காயவைப்பார்கள். அந்த நாட்கள் மற்ற விலங்குகளுக்கு ஓய்வு. தோல் வாராகும், கொழுப்பு சேணத்துக்குப் பூசவும் சமைக்கவும் ஆகும். சுமை குறையக் குறையச் சுமப்பவையும் குறைகின்றன. வீண் எதுவும் இல்லை.

பழக்காத மாட்டின் முதுகில் பொதி ஏற்றினால் முதல் வாரங்களில் உதறித் தள்ளும். மாவுப் பைகள் கிழிந்து கொட்டும். லைக்கார்ட்டுக்கு அதுதான் நடந்தது. கிளம்புவதற்கு ஒரு மாதம் முன்பே மணல் மூட்டை ஏற்றிப் பழக்குவது இந்த இழப்பைத் தவிர்க்கும்.

அவர் பாதை டாசன், மெக்கன்சி, பர்டெக்கின், லிண்ட், ரோப்பர் என்று ஆறுகளைத் தொட்டே போனது. அதனால் மாடு தாங்கியது. அதே லைக்கார்ட் 1848-ல் 50 மாடு, 20 கோவேறு கழுதை, 7 குதிரையோடு மேற்கே உள்நாட்டை நோக்கித் திரும்பினார். ஏழு பேரில் ஒருவரும் மீளவில்லை.

வண்டியைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால்: தெரியாத நிலத்துக்கு வேண்டாம். எட்மண்ட் கென்னடி 1848-ல் ராக்கிங்ஹாம் விரிகுடாவில் வண்டிகளோடு இறங்கினார். மழைக்காட்டில் பாதை வெட்டியே ஆட்கள் ஓய்ந்தார்கள், வண்டிகளை விட்டுவிட்டுப் போகவேண்டியதாயிற்று. 13 பேரில் பிழைத்தவர் மூவர். சார்லஸ் ஸ்டர்ட் 1844-ல் மாட்டு வண்டிகளோடும், உள்நாட்டுக் கடல் இருக்கும் என்று நம்பி ஒரு படகோடும் போய், வறட்சியில் ஒரே மடுவில் ஆறு மாதம் அடைபட்டார். முன்னாலும் பின்னாலும் தண்ணீர் வற்றிவிட்டது. அவருடைய துணைவர் ஜேம்ஸ் பூல் ஸ்கர்வியில் (வைட்டமின் சி குறைவால் வரும் நோய்) இறந்தார். ஆனால் ஸ்டர்ட் ஓட்டிச் சென்ற 200 ஆடுகள் நல்ல யோசனை: சுமக்கவேண்டாத இறைச்சி, குறைந்த தண்ணீர், ஒரு நாயும் ஓர் ஆளும் போதும்.

## கப்பலும் ஆற்றுப் படகும்

அகஸ்டஸ் கிரெகரி 1855-ல் 50 குதிரை, 200 ஆடுகளைக் கப்பலில் ஏற்றி வடமேற்கே விக்டோரியா ஆற்றில் முகாமிட்டு, அங்கிருந்து உள்நாட்டைப் பார்த்துவிட்டு 1856-ல் தரைவழியாகப் பிரிஸ்பேன் வந்தார். தூரத்து முனையில் புதிய விலங்குகளோடு தொடங்கலாம் என்பது இதன் பலம். கரையிறக்கும்போது குதிரைகள் நீந்தவேண்டும், கப்பல் தரைதட்டும், ஆடுகள் தாகத்தில் சாகும். அவருக்கு எல்லாம் நேர்ந்தது.

ஆற்றுப் படகு மலிவானது. ஃபிரான்சிஸ் கேடல் பர்க்கின் பொருள்களைக் கடல்வழியாகவும் மர்ரே, டார்லிங் ஆறுகள் வழியாகவும் கொண்டுபோய்க் கொடுக்க முன்வந்தார். பர்க் மறுத்தார். 20 டன் சுமையைச் சேற்று வழியில் இழுத்து டார்லிங் ஆற்றங்கரையில் உள்ள மெனிண்டியை எட்ட ஏறத்தாழ இரண்டு மாதம் ஆயிற்று. எல்லை ஊர்வரை சுமையைத் தண்ணீரில் அனுப்ப வழியிருந்தால் அதை எடுத்தே ஆகவேண்டும்.

## கலந்து கொண்டுபோகலாமா

இரண்டின் நன்மையும் கிடைக்கும் என்று தோன்றும். கிடைப்பது இரண்டின் தொல்லையும். குதிரை ஒட்டக வாடைக்கே மிரளும். பர்க்கின் குழுவில் இரண்டையும் தனித்தனியே நடத்தவேண்டியிருந்தது. வேகம் மெதுவான விலங்கின் வேகம். தாகம் பலவீனமான விலங்கின் தாகம். ஒட்டகங்களின் நலத்துக்கென்று லாண்டெல்ஸ் ஏற்றிய 60 காலன் ரம் பெரும் சண்டைக்கு வித்திட்டு, அவர் மெனிண்டியிலேயே பதவி விலகினார். ஒட்டகம் அறிந்த தலைவர் இல்லாமல் ஒட்டகக் குழு மேலே போனது. தொடக்கத்தில் திட்டமிட்ட செலவு பலமடங்காகி, தேடுதல் பயணங்களும் சேர்ந்து 60,000 பவுண்டை நெருங்கியது.

## எந்த விலங்கோடும் சேரவேண்டிய இரண்டு

கிடங்கு முகாமின் விதிகள். கூப்பர் க்ரீக்கில் காத்திருந்த வில்லியம் பிராஹே, மூன்று மாதம் என்று சொன்னதைத் தாண்டி 18 வாரம் இருந்தார். 1861 ஏப்ரல் 21 காலை கிளம்பினார். அன்று மாலை பர்க், வில்ஸ், கிங் வந்து சேர்ந்தார்கள். மரத்தில் செதுக்கிய குறிப்பைப் பார்த்துத் தோண்டி உணவை எடுத்தார்கள். தங்கள் கடிதத்தை அதே குழியில் வைத்து, தரையைப் பழையபடி சமன் செய்துவிட்டுப் போனார்கள். மரத்தில் புதிதாக எதுவும் செதுக்கவில்லை. மே 8 அன்று பிராஹே மறுபடி வந்து பார்த்தார். யாரும் வந்த தடம் தெரியவில்லை, தோண்டாமல் போய்விட்டார். ஆகவே: காத்திருக்கும் கெடுவை நாளாக எழுதிக் கொடுங்கள், கிடங்கைத் திறந்தவர் மரத்தில் தேதி செதுக்கவேண்டும், கிடங்கைப் பார்க்க வருபவர் அடையாளம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் தோண்டவேண்டும்.

உள்ளூர் மக்களின் உணவறிவு. பர்க்கும் வில்ஸும் தண்ணீர் வற்றாத ஓடைக்கரையில் இறந்தார்கள். அவர்கள் உண்ட நார்டூ, நம் வயல் வரப்பில் முளைக்கும் ஆரைக்கீரையின் இனம். நாம் இலையைச் சமைக்கிறோம். யாண்ட்ருவாந்தா மக்கள் அதன் வித்துறைகளைப் பக்குவம் செய்து, அரைத்து, தண்ணீரில் கரைத்து உண்டார்கள். அதில் வைட்டமின் பி1-ஐச் சிதைக்கும் நொதி இருக்கிறது. அந்தப் பக்குவம் தெரியாமல் உண்டால் வயிறு நிரம்பும், உடல் பெரிபெரியில் கரையும். மீன் கொண்டுவந்த மக்களைப் பர்க் துப்பாக்கியால் விரட்டினார். அவர் இறந்தபின் கிங் அதே மக்களிடம் போனார். அவர்கள் ஊட்டிக் காத்தார்கள். செப்டம்பரில் ஆல்ஃபிரட் ஹோவிட்டின் குழு அவரை உயிரோடு கண்டது. ஸ்கர்விக்கும் மருந்து காலடியில் இருந்தது: நாம் பருப்புக்கீரை என்று கடையும் அதே செடி அங்கே ஓடைக்கரைகளில் முளைக்கும், லைக்கார்ட் குழு அதைப் பறித்து உண்டது. பெரும்பாலும் உப்பிட்ட, உலர்ந்த உணவையே நம்பிய ஸ்டுவர்ட், திரும்பும்போது ஸ்கர்வி முற்றி, கண் மங்கி, இரண்டு குதிரைகளுக்கு இடையே கட்டிய தூளியில் கிடந்து வந்தார்.

## எந்தப் பாதைக்கு எது

அடிலெய்டிலிருந்து மேட்டூற்றுகள் வழியாக வடக்கே: குதிரை. லாடம் இரட்டிப்பாக, முன்னால் தண்ணீர் தேட இருவர், ஒரே ஆண்டில் முடிக்கவேண்டும் என்ற நிர்ப்பந்தம் இல்லாமல்.

கிழக்குக் கரையோர ஆறுகளைத் தொட்டு வடக்கே, காலக்கெடு இல்லை, பணம் குறைவு: பொதிமாடும் சில குதிரைகளும்.

தந்திக் கம்பி வழியிலிருந்து மேற்கே மணல்மேடுகளுக்குள்: ஒட்டகம் மட்டும். ஏப்ரலிலோ மேயிலோ கிளம்பி, தேர்ந்த ஓட்டுநரோடு. ஓட்டுநர் கிடைக்காவிட்டால் பயணத்தை ஓராண்டு தள்ளிப்போடுவதே மேல்.

டாமி விண்டிச் போன்ற ஒருவர் விரும்பிக் கூட வருகிறார் என்றால், ஒட்டகம் கேட்கும் சில பாதைகளைக் குதிரையிலும் முயலலாம். அவர் சம்பளத்தையும் சொல்லையும் குழுத் தலைவருக்கு நிகராக வைக்கவேண்டும்.

மெல்போர்னிலிருந்து கூப்பர் க்ரீக் வழியாக வடக்கே, பர்க் போன அதே பாதையில்: சுமை டார்லிங் வரை படகில். அங்கிருந்து குதிரை மட்டும். கோடையைக் கூப்பர் க்ரீக்கின் வற்றாத மடுக்களில் கழித்து, மழை ஓய்ந்து ஓடைகள் நிறைந்திருக்கும் ஏப்ரலில் வடக்கே கிளம்பினால், ஜூலை அளவில் சேறு காய்ந்த தரையில் கடலோரத்தை எட்டலாம்.